ஏழாம் நம்பர் விளக்கு

போன மாதம், என்னிடம் இந்தத் தொழில் கற்ற உங்களில் ஒருவர் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பை அனுப்பியிருந்தீர்கள். ஏதோ மின்சுற்றுப் பலகை பற்றிய பிரெஞ்சுக் கையேடு, ஆங்கிலத்தில். பார்த்துச் சொல்லுங்கள் மேடம் என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். ஆங்கிலம் வழவழவென்று இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எங்கேயும் தடுக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். மூலத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரு படம் பாதி அழிந்திருக்கிறது. இன்னொரு இடத்தில் தனித்தாளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறது, அந்தத் தாள் கூட வந்த காகிதங்களில் எங்கேயும் இல்லை. உங்கள் ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு இடமும் நிறைந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது அது?

கோபத்தில் நாலு வரி பதில் போட்டேன். அது போதாது என்று பிறகு தோன்றியது. திட்டு வாங்கினவருக்கு ரோஷம் வரும், புத்தி வராது. எனக்கே அப்படித்தான். அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு ஊர் பெருமுக்கல் பக்கம். வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் நிலம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன், பிறகு புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தேன். இரண்டும் தெரிந்த ஆள் அப்போது அதிகம் கிடையாது. குயிலாப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் மொழிபெயர்ப்பு ஆபீஸ் ஒன்று இருந்தது. அங்கேதான் இந்தத் தொழில் கற்றேன். ஓனர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் ரேடியோ மெக்கானிக்காக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அந்த மாதிரி ஆட்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். நாங்கள் அவரை முசியே, பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிடுவோம். லுங்கி கட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, பாரிஸ்காரன் எழுதின வாக்கியத்தைப் பார்த்து "இவனுக்கு பிரெஞ்சே தெரியலையே" என்று திட்டுகிற முசியே.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. அவர் வைத்ததுதான். மூலத்தில் ஒரு விஷயம் தெரியவில்லை, புரியவில்லை, காணவில்லை என்றால், மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டம் போட வேண்டும். கட்டத்துக்குள் "தெரியவில்லை" என்று எழுத வேண்டும். கீழே யாரைக் கேட்டிருக்கிறோம் என்று போட வேண்டும். அவ்வளவுதான். கட்டம் போட்ட பக்கத்தை வாங்கிக்கொண்டு போன கம்பெனிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். "என்ன சார், பாதி வேலை பண்ணிக் குடுக்கறீங்க?" என்பார்கள். "மீதிப் பாதி உங்க புஸ்தகத்துலயே இல்ல, நாங்க என்ன பண்ண?" என்பார் முசியே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கட்டம் எனக்கு அவமானமாக இருக்கும். போகப் போக அதுதான் எங்கள் முத்திரை என்று ஆகிப்போனது.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. உங்களில் சிலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அடுத்த வருஷம் முழுக்க, பிரான்சிலிருந்து இந்தக் கடற்கரைக்கு இயந்திரமாக வந்து இறங்கியது. தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம், படகுக்கு ரேடியோ, ஆஸ்பத்திரிச் சாமான். நல்ல மனசோடு அனுப்பினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே பழசானதுதான் இங்கே வரும். கூட வரும் கையேடு கிழிந்திருக்கும், காப்பி கொட்டியிருக்கும், வேறு மாடலுடையதாகக்கூட இருக்கும். அதையெல்லாம் ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுக்கும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. இலவச வேலை. முசியே முடியாது என்று சொல்லவே இல்லை.

அப்படி வந்ததுதான் குழந்தைப் பெட்டி. மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. மாதம் நிறைவதற்கு முன்னால் பிறந்துவிடும் குழந்தைகளைச் சூட்டில் வைத்துக் காப்பாற்றும் கண்ணாடிப் பெட்டி ஒன்று அவர்களுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு குழந்தை பிறந்தால் புதுச்சேரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ குழந்தைகள் சில்லிட்டுப் போயிருக்கின்றன.

இயந்திரத்தைப் பார்க்காமல் அதன் கையேட்டைத் தொடக் கூடாது என்பது என் கொள்கை. பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். முகப்பில் வரிசையாக ஏழு விளக்கு. பக்கத்தில் இருந்த பிரெஞ்சு எழுத்தெல்லாம் வருஷக்கணக்காக ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததில் அழிந்து, எண் மட்டும் மிச்சம். கையேட்டில் ஆறு விளக்குக்கு அட்டவணை இருந்தது. ஏழாவதற்கு, "கூட வைத்திருக்கும் தாளைப் பார்க்கவும்" என்று ஒரு வரி. தாள் இல்லை. அந்த மாடலில் பிற்பாடு சேர்த்த விளக்கு போலிருக்கிறது.

ஏழு என்னவாக இருக்கலாம் என்று நானும் யோசித்தேன். என் கணக்கில் இரண்டு வழி. ஒன்று, சாதாரண ஞாபகமூட்டல், ஏதோ சர்வீஸுக்கு நேரமாகிவிட்டது என்பது மாதிரி. இல்லையென்றால் சூட்டை அளக்கிற சென்சார் சரியில்லை என்ற எச்சரிக்கை. முதலாவது என்றால் கவலையே இல்லை. இரண்டாவது என்றால் பெட்டி எவ்வளவு சூடாகிறது என்று பெட்டிக்கே தெரியாது. உள்ளே கிடப்பது குழந்தை.

கட்டம் போட்டேன். தெரியவில்லை என்று எழுதினேன். பிரான்சில் தயாரித்த கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். அந்த மாடலை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது, தேடுகிறோம் என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி.

அது 2005 கார்த்திகை. அந்த வருஷ மழையை நினைத்தால் இன்னும் எனக்கு ஈர நாற்றம் அடிக்கிறது. உப்பளமெல்லாம் மூழ்கி ஒரே ஏரியாகக் கிடந்தது. அண்ணன் குழந்தைக்கு இரும்பைக் கோயிலில் காது குத்து. லீவு போட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தேன். முதல் போன் அடித்தது.

"மேடம், நான் ஸ்டெல்லா பேசறேன், மரக்காணத்துலேர்ந்து." ஆஸ்பத்திரி நர்ஸ். பெட்டியைப் பார்க்கப் போனபோது கூடவே நின்று காட்டிய பெண். "நீங்க குடுத்த பேப்பரைப் பாத்துத்தான் பொட்டியை ஓட்டறோம். நேத்து ஒரு பாப்பா பொறந்துச்சு, எட்டு மாசம்கூட ஆகல. உள்ள வெச்சிருக்கோம். இப்ப ஏழாம் நம்பர் லைட்டு எரியுது. சர்வீஸ் ஞாபகப்படுத்துறது, தொடர்ந்து ஓட்டலாம்னு போட்டிருக்கீங்க. ஓட்டலாம் இல்ல?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "நான் அப்படிப் போடலையே" என்றேன். "கட்டம் போட்டுத் தெரியலன்னு போட்டிருக்கேன்."

"கட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். நல்லா டைப் பண்ணி அழகா இருக்குது."

முசியேவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தியிருந்தார்.

போன் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏழாம் நம்பருக்கு எழுதினது நீங்களா?" என்றேன்.

"ஆமா."

"தாள் வந்துச்சா?"

"வரல. அதே கம்பெனியோட வேற பொட்டிக்குப் புஸ்தகம் பாத்தேன். அதுல கடைசி லைட்டு சர்வீஸுக்குத்தான். இதுவும் அதாத்தான் இருக்கும். ஓட்டச் சொல்லும்மா."

அவர் ஊகம் லேசில் தப்பாது. அவரிடம் வேலை பார்த்த எனக்கு அது நன்றாகத் தெரியும். மூடின ரேடியோவை வெளியே தட்டிப் பார்த்தே உள்ளே எது போயிருக்கிறது என்று சொல்கிற ஆள். அந்தப் பக்கம் ஸ்டெல்லா, "மேடம்? மேடம்?" என்கிறாள். நான் என்ன சொல்ல வேண்டும், சொல்லுங்கள். ஓட்டு என்றால் ஒருவேளை குழந்தை வெந்து போகலாம். நிறுத்து என்றால் ஒருவேளை குளிரில் போகலாம். நான் டாக்டர் இல்லை. ஓட்டு என்றும் நிறுத்து என்றும் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"ஸ்டெல்லா, அந்த வரி புஸ்தகத்துல இல்ல. எங்க ஊகம். சரியாவும் இருக்கலாம், தப்பாவும் இருக்கலாம். தப்பா இருந்தா, சூடு கண்டபடி ஏறும். எங்களுக்குத் தெரியாது."

 அவள் வெடித்தாள். "என்ன மேடம் இது? ஊகம்னா ஊகம்னு போட வேண்டியதுதானே! நான் என்னமோ புஸ்தகத்துல இருக்குதுன்னு நெனச்சிக்கினு தைரியமா இருக்கேன். சரி வைங்க. டாக்டரைக் கேக்கறேன்." போனை வைத்துவிட்டாள்.

"வாங்க, போலாம்" என்றேன்.

"எங்க?"

"எங்கன்னு வேற கேக்கறீங்களா?"

அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. இருவரும் கிளம்பினோம். ஈசிஆர் கடற்கரைச் சாலையில் மழை சாட்டையாக அடித்தது. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.  காலாப்பட்டு தாண்டினதும் வாயைத் திறந்தேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. வயசுக்குக்கூட மரியாதை கொடுக்கவில்லை. கட்டம் வைத்த கையே கட்டத்தை அழித்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். இவ்வளவு நாள் கம்பெனிக்காரனிடம் வீராப்பு பேசினதெல்லாம் என்ன என்று கேட்டேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நீ லீவுல இருந்தப்ப பேப்பரைக் குடுக்கலாம்னு நான்தான் போனேன். நீ போட்ட கட்டத்தோட. அன்னைக்கு டூட்டியில இருந்த வேற நர்ஸம்மா கட்டத்தைப் பாத்துட்டு, 'ஒரு லைட்டு தெரியலன்னா பெரிய டாக்டர் பொட்டியைத் தொட விட மாட்டாரு சார்'ன்னுச்சு. பொட்டி மேல பெட்ஷீட்டு போத்தி மூலையில தள்ளி வெச்சிருந்தாங்க. பக்கத்து ரூம்ல ஒரு பையன். முந்தின நாள்தான் பொறந்ததாம், குறை மாசம். பஞ்சுல சுத்தி, சுடுதண்ணி பாட்டில் வெச்சிருந்தாங்க." கியரை மாற்றினார். "நான் இருக்கும்போதே போயிடுச்சு. பொட்டி பத்தடி தூரத்துல நிக்குது, ஏம்மா. உன் கட்டத்தால நிக்குது. நான் அந்தப் பேப்பரைக் குடுக்காம எடுத்துக்கினு வந்துட்டேன். ஆபீஸ்ல உக்காந்து மாத்தி எழுதினேன். மறுநாள் அவங்க வேன்ல குடுத்தனுப்பினேன். இப்பத் திட்டு."

நான் திட்டவில்லை.   கட்டம் போட்டால் யாருக்கும் கெடுதல் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் கட்டத்துக்கும் விலை உண்டு, அதை யாரோ கொடுக்கிறார்கள் என்று அந்தக் காரில்தான் முதன்முதலாகத் தெரிந்தது. கூனிமேடு வந்தபோது ஒன்று மட்டும் சொன்னேன்.

"ஊகம்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே முசியே. 'இப்படி நினைக்கிறோம், உறுதி இல்லை'ன்னு. பொட்டியையும் ஓட்டியிருப்பாங்க, பக்கத்துல தர்மாமீட்டரோட ஒரு ஆளும் உக்காந்திருக்கும்."

அவர் கண்ணாடியின் உட்புறத்தைத் துண்டால் துடைத்தார். "அது தோணல" என்றார்.

ஆஸ்பத்திரிக்குள் போனோம். டாக்டர் இல்லை. அவர் திண்டிவனத்திலிருந்து வருகிறவர். ஏரி உடைந்து ரோட்டின் மேல் தண்ணீர் போகிறது. அவரை அழைத்துவரப் போன வேனும் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டது. அதனால் குழந்தையைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகவும் வண்டி இல்லை. முசியேவின் ஓட்டைக் காரில் மழையில் அந்தக் குழந்தையைக் கொண்டுபோக ஸ்டெல்லா ஒப்புக்கொள்ளவில்லை. "உங்க கார்ல ஜன்னலே மூட மாட்டேங்குது சார்" என்றாள். டாக்டர் போனில் சொல்லியிருந்தார்: பெட்டியில் சந்தேகம் என்றால் வெளியே எடு, அம்மா நெஞ்சோடு தோல் பட வை, மேலே துணி சுற்று, சூடு பார்த்துக்கொண்டே இரு.

முசியேவை வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே போனேன். பெட்டி திறந்து கிடந்தது. ஏழாவது விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. குழந்தை துணிச் சுருளாக ஸ்டெல்லா கையில். கட்டிலில் அம்மா. அஞ்சலை என்று பெயர். உப்பளத்துக் கூலி. இருபது வயசுகூட இருக்காது. இரண்டு கையையும் அக்குளில் ஒளித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"காலையிலேர்ந்து இதே கதை மேடம்" என்றாள் ஸ்டெல்லா. "வாங்க மாட்டேங்குறா. பெத்ததுலேர்ந்து ஒருவாட்டிகூடத் தொடல."

"ஏம்மா?" என்றேன்.

அவள் கையை எடுத்துக் காட்டினாள். உப்பு வாரி வாரி வெடித்துப்போன கை. மழை வந்து அளத்தில் வேலை நின்று வாரக்கணக்காகியும் ஆறவில்லை. விரல் இடுக்கெல்லாம் பிளவு. உள்ளங்கை மரத்தோல் மாதிரி.

"உப்புத்தாளு மாதிரி இருக்குதுக்கா. பாருங்க. புடவையைத் தொட்டாலே நூலு மாட்டுது. அது தோலு வெங்காயச் சருகாட்டம் இருக்குது. நான் தொட்டா கிழிஞ்சிடும்." அழவில்லை. விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "பொட்டியிலயே வைங்க. பொட்டி நல்லாப் பாத்துக்கும்."

"பொட்டி பாத்துக்குமான்னு தெரியலடி, அதான் பிரச்சினையே" என்றாள் ஸ்டெல்லா.

"அப்ப நீங்களே வெச்சிக்கோங்க சிஸ்டர். உங்க கை நல்லா இருக்குது."

குழந்தையின் உதட்டு ஓரம் நீலமாகிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா கெஞ்சினாள். பயமுறுத்தினாள். மாதா பெயரைச் சொன்னாள். ஒன்றுக்கும் அசையவில்லை அந்தப் பெண். எனக்கு இதமாகப் பேச வராது. வந்தால் அன்றைக்குப் பேசியிருப்பேன்.

"உன் கையை இங்க யாரு கேட்டா?" என்று கத்தினேன். "நெஞ்சைத்தானே கேக்கறோம்? நெஞ்சால உப்பு வாருனியா நீ?"

அஞ்சலை என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு, நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தப் போனவள் தன் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "இல்லக்கா" என்றாள்.

"அப்புறம் என்ன? ஜாக்கெட்டைக் கழட்டு."

ஸ்டெல்லா குழந்தையை அவள் நெஞ்சில் கவிழ்த்தாள். ஒரு வேட்டியைக் கிழித்து இருவரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். தலைக்கு ஒரு குல்லா. மேலே கம்பளி. அஞ்சலை இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கி வைத்துக்கொண்டாள், குழந்தை மேல் படாமல். போலீஸ்காரன் துப்பாக்கியை நீட்ட, கையைத் தூக்கினவள் போல.

"கையை எறக்குடி. உன்ன யாரும் அரெஸ்ட் பண்ண வரல."

"இல்ல சிஸ்டர். இப்படியே இருக்கறேன்."

அப்படியே இருந்தாள். எனக்கு அந்த அறையில் ஒரு வேலையும் இல்லை. நகரவும் மனசு வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் வாயில் ஊற்றினேன், கையால் வாங்க மாட்டேன் என்றாள். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியின் முகப்பைத் துடைத்தேன். ஏழாவது விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மூடியைச் சாத்தி, இன்னொரு தர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தேன். சூடு சரியாகத்தான் காட்டியது. இப்போது சரி, அரை மணி கழித்து? 

ஸ்டெல்லா குழந்தையின் அக்குளில் சூடு பார்த்தாள். அவள் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடி பார்த்தாள். "எறங்கல" என்றாள். அதற்கு அடுத்த தடவை, "லேசா ஏறுது." உதட்டோரம் நீலம் போய் சிவப்பு வந்ததை நானே பார்த்தேன்.

கதவுக்கு வெளியே, ஆஸ்பத்திரி போனில் முசியே பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். அங்கே பொழுது விடிந்து ஆபீஸ் திறக்க இங்கே மத்தியானம் ஆகிவிட்டது. ஒருவர் இன்னொருவரிடம் தள்ளிவிட, அவர் வேறொருவரிடம் தள்ளிவிட, முசியே ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பித்தார். எல்லாரிடமும் அவர் முதலில் சொன்ன வாக்கியம் ஒன்றுதான். "எனக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன்." அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை, அதுவும் ஒரே மத்தியானத்தில் அத்தனை தடவை, நான் கேட்டதே இல்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் பேசினால் அவர்தான் அவர்களுக்குப் பாடம் எடுப்பார். அன்றைக்கு அவர் குரல் தாழ்ந்திருந்தது. காலையில் காரில் அவ்வளவு திட்டிவிட்டோமே என்று அப்போது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. வாபஸ் வாங்குகிற அளவுக்கு இல்லை.

அஞ்சலையின் கை ஓய்ந்துகொண்டு வந்தது. எவ்வளவு நேரம்தான் தூக்கி வைத்திருப்பாள். முதலில் மெத்தை மேல் இறங்கியது. பிறகு ஒரு கை கம்பளியின் ஓரத்துக்கு வந்தது. நானும் ஸ்டெல்லாவும் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். மழை விட்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினபோது அவள் விரல் ஒன்று குழந்தையின் முதுகில், வேட்டித் துணிக்கு மேலே இருந்தது. அழுத்தாமல், ஈரக் கோலத்தைத் தொடுகிற மாதிரி. ஸ்டெல்லா தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து அவள் கையில் தடவிவிட்டாள். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை ஒவ்வொரு வெடிப்பாக. அஞ்சலை தன் கையை யாரோ அப்படிப் பிடித்துப் பார்ப்பதை ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே முசியே இருமினார். கதவை ஒருக்களித்துத் திறந்து நின்றேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார், உள்ளே பெண்பிள்ளை இருக்கிறாள் என்பதால்.

"ஃபில்டராம்" என்றார்.

"என்னது?"

"ஏழாம் நம்பர். காத்து ஃபில்டரை மாத்தற நேரம் வந்துடுச்சுன்னு ஞாபகப்படுத்துற லைட்டு. அந்தக் கம்பெனியில முன்னாடி சர்வீஸ் பாத்த ஒருத்தரைப் புடிச்சேன். தாளைக் கையில வெச்சிக்கினே படிச்சாரு. பொட்டி பாட்டுக்கு ஓடலாமாம், ஃபில்டர் அப்புறம் மாத்திக்கலாமாம்." கையிலிருந்த பேப்பரை மடித்தார். "நான் எழுதினதுதான். ஒரு எழுத்துகூட மாத்த வேணாம்."

"காலையில அது ஊகம் முசியே. இப்பத்தான் அது மொழிபெயர்ப்பு."

அவர் திரும்பவில்லை. கழுத்தை மட்டும் ஆட்டினார். "பாப்பா எப்படி இருக்குது?"

"சூடா இருக்குது."

"நல்லது" என்றார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மழையில் நனைந்த மனுஷர், சளி பிடித்திருக்கலாம்.

அவர் ஊகம் சரியாகத்தான் இருந்தது. இதை நான் உங்களிடம் மறைத்திருக்கலாம். தப்பாக இருந்தது, குழந்தைக்கு ஆபத்து வந்தது, கட்டம் காப்பாற்றியது என்று கதை கட்டியிருந்தால் பாடம் இன்னும் அழுத்தமாக ஏறும். ஆனால் நடந்தது அதுவல்ல. ஊகம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் பிள்ளைகளே, நீங்களெல்லாம் புத்திசாலிகள். அதனால்தான் பயமாக இருக்கிறது. நாம் எழுதுவதை வைத்து வேலை செய்கிற ஒருத்தி, எது நமக்குத் தெரியும், எது நாம் நினைக்கிறோம் என்று பிரித்துப் பார்க்க வழி இல்லாமல் நிற்கிறாள். அந்த வழியை அவளிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை கிடையாது. அன்றிலிருந்து எங்கள் ஆபீஸில் கட்டத்துக்குள் இரண்டாவது வரி ஒன்று சேர்ந்தது. முதல் வரி, தெரியவில்லை. இரண்டாவது வரி, எங்கள் ஊகம் இது, இந்தக் காரணத்தால். வெறும் கட்டம் மட்டும் போட்டுவிட்டுக் கை கழுவவும் கூடாது என்று எனக்கும் புரிந்துவிட்டது.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். ஸ்டெல்லா பெருமூச்சு விட்டாள். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டாள். சரி, திரும்ப வைக்கலாம் என்றார். பெட்டியைத் துடைத்து, உள்ளே புதுத் துணி விரித்து, சூடு ஏறும் வரை காத்திருந்தாள். பிறகு கட்டிலுக்கு வந்து கையை நீட்டினாள்.

"குடு அஞ்சலை. பொட்டி நல்லாத்தான் இருக்குதாம். உள்ள வெச்சிடலாம்."

அஞ்சலை இரண்டு கையாலும் குழந்தையை மூடிக்கொண்டாள். எண்ணெய் பளபளக்கிற கை.

"ஏன் சிஸ்டர், சூடு நல்லாத்தானே இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா பொட்டி காலியாத்தானே கெடக்குது?"

"அதுக்கு என்னமோ ஃபில்டரு மாத்தணும்னு இப்பத்தான அந்த ஐயா சொன்னாரு" என்றாள் அஞ்சலை. "மொதல்ல அத மாத்துங்க. மாத்திட்டுக் கூப்புடுங்க."